யானையை நிறுத்திய முல்லைக்கொடி

(‘சோர்ந்த மனத்துக்கு மருந்தாவது சுற்றத்தின் சொல்லா? சுற்றியுள்ள இயற்கையா?’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘சுற்றியுள்ள இயற்கையே’ என்ற அணியில் பேசியது)

‘சுற்றத்தின் சொல்லே, சுற்றத்தின் சொல்லே’ என்று சுற்றிச் சுற்றிச் சொல்லிவிட்டு, தொண்டை வறண்டு, இப்போது தண்ணீரைத் தேடிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று மூன்று பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து, இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். ‘மனசு உடைஞ்சு உட்கார்ந்திருக்கிறவன் தோளிலே கை போட மரம் வருமா? கண்ணீரைத் துடைக்கக் கொடி வருமா?’ என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நல்ல கேள்விதான். நான் அவரைத் திருப்பிக் கேட்கிறேன். ஐயா, தோளில் கை போட வந்தவர்கள் எல்லாம் என்ன பேசினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

ஒரு வீட்டில் ஓர் அம்மா சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். பையன் ப்ளஸ் டூவில் மார்க் வாங்கவில்லை. ஆறுதல் சொல்ல உறவினர் வருகிறார்கள். முதலில் வந்தவர் சொல்கிறார்: ‘என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே? கண்ணெல்லாம் உள்ளே போயிடுச்சே!’ அதுவரைக்கும் அவளுக்குக் கவலை பையனைப் பற்றி மட்டும்தான். இப்போது கண்ணைப் பற்றியும் கவலை. (சிரிப்பு) இரண்டாவது ஆள் வருகிறார். ‘இதுக்கெல்லாமா கவலைப்படறது? எங்க நாத்தனார் பையன் மூணு பேப்பர்ல போயிட்டான், அவ என்ன செத்தா போயிட்டா?’ மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் ஆபத்தானவர். வந்து உட்காருவார், காபியை ஒரு வாய் குடிப்பார், பெருமூச்சு விடுவார், சொல்லுவார்: ‘நான் அப்பவே சொன்னேன்!’ (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எல்லாரும் போன பிறகு அவளுக்கு மிச்சம் என்ன? பழைய கவலை அப்படியே இருக்கிறது. கூடவே கழுவ வேண்டிய ஆறு டம்ளர்!

நான் சுற்றத்தைக் குறை சொல்லவில்லை நடுவர் அவர்களே. வந்தவர்கள் எல்லாரும் அன்பினால்தான் வந்தார்கள். ஆனால் மனிதர் சொல்லும் ஆறுதலில் எப்போதும் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘என்ன ஆச்சு?’ ‘ஏன் ஆச்சு?’ ‘இனிமே என்ன செய்யப் போறே?’ கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். சோர்ந்த மனத்துக்கு இல்லாத ஒன்று, பதில் சொல்லும் தெம்பு. வாசலில் நிற்கிற வேப்பமரம் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மதில்மேல் ஓடுகிற அணில், ‘ஏன் அழுதே?’ என்று நின்று விசாரிப்பதில்லை. அது பாட்டுக்கு ஓடுகிறது. நீங்கள் பாட்டுக்குப் பார்க்கிறீர்கள். அந்த ஒரு நிமிடம், நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் மனம் லேசாகத் தொடங்குகிறது.

இதற்கு நான் உதாரணம் தேடி எங்கேயோ போக வேண்டியதில்லை. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் போதும். திருமுல்லைவாயில்! மாசிலாமணீசுவரர் கோயில். அம்மன் பெயர் கொடியிடை நாயகி. இந்தப் பகுதித் தாய்மார்கள் பௌர்ணமி வெள்ளிக்கிழமை அங்கே போயிருப்பீர்கள். அந்தத் தலத்தின் கதையை நம் தலைப்போடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

தொண்டைமான் என்ற மன்னன். ஓணன், வாணன் என்ற குறும்பர்களோடு போர். அவர்களை வெல்ல முடியவில்லை. யானைமேல் இருக்கிறான், ஆனால் மனம் மண்ணில் கிடக்கிறது. இந்தக் காட்டு வழியாக வருகிறான். யானையின் காலில் ஒரு முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. யானையால் நடக்க முடியவில்லை. எரிச்சலோடு இருக்கிறவன் என்ன செய்வான்? வாளை எடுத்துக் கொடியை வெட்டுகிறான். வெட்டிய இடத்தில் இரத்தம்! பதறிப்போய் இறங்குகிறான். கொடியை விலக்கிப் பார்க்கிறான். அங்கே சிவலிங்கம். வாள் பட்ட காயத்துக்காக இன்றைக்கும் அந்தத் திருமேனிக்குச் சந்தனக்காப்பு. பிறகு இறைவன் அருளினால் அவன் போரில் வென்றான், குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்த எருக்கந் தூண்கள் இரண்டும் சந்நிதியில் நிற்கின்றன என்பது தலபுராணம்.

பக்தர்களுக்கு அது இறைவனின் திருவிளையாடல். ஒரு தமிழாசிரியையாக எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. தோல்வியின் துயரத்தில் போகிற ஒரு மன்னனை நிறுத்தியது எது? அவனோடு படை வந்தது. மந்திரிகள் இருந்திருப்பார்கள். ‘மன்னா, கவலை வேண்டாம்’ என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அந்த ஆயிரம் பேரும் செய்ய முடியாததை, விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு கொடி செய்தது. யானையை நிறுத்தியது. மேலே இருந்தவனைக் கீழே இறக்கியது. குனிந்து பார்க்க வைத்தது. (கைதட்டல்)

கவலை என்பது என்ன? நம் மனம் தன் துயரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த யானையை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிப்பது! இறங்கி வரச் சொல்லிச் சுற்றத்தார் கீழே நின்று கூவுகிறார்கள். காதில் விழவில்லை. ஒரு சின்னக் கொடி காலைச் சுற்றுகிறது. தானாக இறங்குகிறோம்.

‘புராணம் சொல்லி ஏமாற்றாதீர்கள்’ என்று எதிரணி அம்மையார் எழுந்து சொன்னாலும் சொல்வார்கள். சரி, இலக்கணத்துக்கு வருகிறேன். தொல்காப்பியர் காலத்திலிருந்து தமிழன் நிலத்தையும் பொழுதையும் ‘முதல்’ என்றான். அங்கே உள்ள மரம், பூ, பறவை, விலங்கை ‘கரு’ என்றான். மனத்தின் நிலையை ‘உரி’ என்றான். மூன்றையும் ஒரே நூலில் கோத்தான். மருதம் என்றால் ஊடல். அது எல்லார் வீட்டிலும் உண்டு, விளக்க வேண்டாம்! (சிரிப்பு) நெய்தல் என்றால் இரங்கல். முல்லை என்றால் என்ன? இருத்தல். போன கணவன் கார்காலத்தில் வருவான் என்று நம்பிக்கையோடு பொறுத்திருத்தல். மழைக்கால மாலையில் முல்லை மலர்கிறது. அதைப் பார்த்து அவள் ஏங்கவும் செய்கிறாள், பொறுக்கவும் செய்கிறாள். அந்த மனநிலைக்குப் பெயர் வைக்கும்போது நம் முன்னோர் ஒரு பூவின் பெயரை வைத்தார்கள். மனம் வேறு, மண் வேறு என்று அவர்கள் நினைக்கவில்லை.

அவ்வளவு ஏன்? நாம் குடியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். அத்திப்பட்டு: பெயரிலேயே அத்தி. பருத்திப்பட்டு: பெயரிலேயே பருத்தி. திருவேற்காடு: வேதங்களே வேலமரங்களாக நின்ற காடு என்கிறார்கள். திருமுல்லைவாயில்: முல்லை. பூவிருந்தவல்லி: பூ! அந்தப் பூவிருந்தவல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். அங்கே நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டி, அவ்வளவு தூரம் காஞ்சி வரதனுக்குக் கொண்டுபோனவர். ஒரு பூ வாடாமல் போய்ச் சேர வேண்டுமே என்ற ஒரே கவலை. அந்தக் கவலை உள்ளவனுக்கு வேறு கவலை எப்படி வரும்? நாமோ அந்த ஊர்ப் பெயரைப் பஸ் போர்டில் மட்டும் படிக்கிறோம். அதுவும், ‘நம்ம பஸ் இது இல்லை’ என்ற கவலையோடு! (சிரிப்பு)

நடுவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். பாரதியார் அரிசியைக் குருவிக்குப் போட்ட கதையை நான் சொல்லப் போவதில்லை ஐயா. அதைப் பாரதி பக்கம் நின்று பார்த்தால் குருவிக் கதை. செல்லம்மா பக்கம் நின்று பார்த்தால் அது அரிசிக் கதை! (பலத்த சிரிப்பு) எதிரணியும் அதையே சொன்னது: ‘பசித்தவனுக்குக் குருவியைக் காட்டாதே, சோறு போடு.’ மறுக்கிறேனா? இல்லை. பசிக்குச் சோறுதான் மருந்து. கடனுக்குப் பணம்தான் மருந்து. நாம் இங்கே பேசுவது சோர்ந்த மனத்தைப் பற்றி. சோறு இருந்தும் இறங்காத மனத்தைப் பற்றி.

இலக்கியம் போதும், மருத்துவத்துக்கு வாருங்கள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் என்று ஓர் ஆய்வாளர். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் குறிப்பேடுகளை எடுத்தார். வயது முதலியவை ஒத்துப்போகிற மாதிரி ஜோடி ஜோடியாக 46 பேர். அதில் 23 பேருடைய கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. 23 பேருக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது ஒரு செங்கல் சுவர். வேறு எந்த வித்தியாசமும் பெரிதாக இல்லை. என்ன ஆயிற்று? மரம் பார்த்தவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். வலிக்குக் கொடுக்கும் கடுமையான மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ‘அழுதுகொண்டிருக்கிறார்’, ‘தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது’ என்பது போன்ற நர்சுகளின் குறிப்பும் அவர்களுக்குக் குறைவு. 1984-இல் ‘சயின்ஸ்’ என்ற புகழ்பெற்ற இதழில் இது வந்தது.

கவனியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நர்சுகள். இரண்டு பக்கமும் உறவினர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருப்பார்கள். சுற்றத்தின் சொல் இருவருக்கும் பொது. வித்தியாசம் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரம்! (கைதட்டல்)

ஏன் இப்படி? அதற்கும் விளக்கம் உண்டு. ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற கணவன் மனைவி, மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், 1989-இல் வெளியிட்ட நூலில் சொல்கிறார்கள். கவனம் இரண்டு வகை. ஒன்று, நாம் கட்டாயப்படுத்திச் செலுத்துகிற கவனம். கணக்கு எழுதுவது, வண்டி ஓட்டுவது, மேலதிகாரி பேசுவதைக் கேட்பது. இது களைத்துப்போகும். இன்னொன்று, தானாகப் போகிற கவனம். மேகம் நகர்வது, இலை ஆடுவது, தண்ணீரில் வட்டம் விரிவது. இதைப் பார்க்க முயற்சி வேண்டாம். முயற்சி இல்லாததால் களைத்த மனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. செக்குமாடு மாதிரி ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வருகிற மனத்தை, யாரும் அடிக்காமல், யாரும் இழுக்காமல், சற்று அவிழ்த்து விடுகிறது.

இப்போது நான் எங்கள் தெருவுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். 1964-இல் தொடங்கிய நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் டர்னராக வேலை பார்த்தவர். லேத் மெஷினில் கை வைத்தால் தலைமுடி அளவு பிசகாது. பட்டறையை மூடிவிட்டார்கள். மனுஷன் வீட்டுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டி.வி. ஓடும், பார்க்க மாட்டார். சோறு வைத்தால் சாப்பிடுவார், கேட்க மாட்டார். நாங்கள் எல்லாரும் போனோம். மச்சான் வந்தார், ‘உங்க கைத்தொழிலுக்கு ஆயிரம் கம்பெனி’ என்றார். பெரியப்பா வந்தார், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்றார். (சிரிப்பு) எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன ஒரே பதில்: ‘ம்.’

பின்கட்டில் துணி காயப்போடும் கம்பி. ஒருநாள் அதன் ஓரத்தில் ஏதோ குப்பை மாதிரி தொங்கியது. மறுநாள் பார்த்தால் அந்தக் குப்பை கொஞ்சம் நீண்டிருந்தது. தேன்சிட்டு! கட்டைவிரல் அளவு பறவை. நாரையும் சருகையும் ஒட்டடையையும் கொண்டுவந்து கூடு கட்டுகிறது. அவருடைய மனைவி ஈரத்துணியோடு போகிறார். உள்ளேயிருந்து குரல்: ‘ஏம்மா, அந்தக் கம்பியில துணி போடாத.’

அந்த அம்மா என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். ‘அக்கா, எத்தனை நாளு கழிச்சு அந்த மனுஷன் வாயத் தொறந்து முழுசா ஒரு பேச்சு பேசினாரு தெரியுமா? நான் துணியக் கீழ போட்டுட்டு அப்படியே நின்னுட்டேன். ஏங்கன்னு கேட்டேன். குருவி கூடு கட்டுதுன்னாரு. அவ்வளவுதான்க்கா. எனக்கு அது போதும்.’

மறுநாள் அவர் நாற்காலியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். பூனை வராமல் காவல். பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்: ‘இங்க பாரு, வாசலுக்கு மேல ஒரு சின்ன சன்ஷேடு வெச்சிருக்கு. மழைத் தண்ணி உள்ள போகாது. வெர்னியர் இல்ல, ஸ்கேல் இல்ல, எப்படி எடுத்திருக்கு பாரு அளவு!’ டர்னர் அல்லவா? ஒரு வேலைக்காரனுக்குத்தான் இன்னொரு வேலைக்காரனின் அருமை தெரியும். (கைதட்டல்) இரண்டு வாரம்போல அடைகாத்தது. குஞ்சு பொரித்தது. ஒருநாள் பறந்தும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு எஸ்டேட் பக்கம் போய், ஒரு சின்னப் பட்டறையில் வேலை கேட்டார். கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை. ஆனால் போகிறார், வருகிறார், பேசுகிறார்.

குருவி அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக்கு எல்லாரும் மனுவை எடுத்துக்கொண்டு குருவியிடம் போய் நிற்பீர்கள்! (சிரிப்பு) குருவி அவரை எழுந்து நிற்க வைத்தது. ‘உன்னைவிடச் சின்ன உயிர் ஒன்று உன் வீட்டுக் கம்பியை நம்பி வந்திருக்கிறது’ என்று காட்டியது. யாருக்கும் தேவையில்லாதவன் ஆகிவிட்டோம் என்பதுதானே அவருடைய நோய்? ஒரு கூட்டுக்கு அவர் தேவைப்பட்டார்.

இது ஒரு வீட்டுக் கதை. ஊர்க் கதையும் உண்டு. 2020-ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கு நேரம். எல்லார் மனமும் இருண்டு கிடந்த காலம். சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஒரு கிராமம். தெருவிளக்கு எல்லாவற்றுக்குமான ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டால் பறவைக்கு ஆபத்து. ஊரார் என்ன செய்தார்கள்? குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேல், தெருவிளக்கே போடாமல் இருட்டில் நடந்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் எழுதின. வியாதியும் சாவும் மட்டுமே செய்தியாக இருந்த நாட்களில் அந்தச் செய்தியைப் படித்த நமக்கே நெஞ்சு நிமிர்ந்ததே! விளக்கை அணைத்த ஊர், அத்தனை பேர் மனத்திலும் ஒரு விளக்கை ஏற்றியது. (கைதட்டல்)

‘சரி, சுற்றத்தார் பக்கத்திலேயே இருந்தால் இயற்கை எதற்கு?’ என்கிறது எதிரணி. ஒரு சிறுமியைக் காட்டுகிறேன். ஆன் ஃபிராங்க். ஆம்ஸ்டர்டாம் நகரில் நாஜிகளுக்குப் பயந்து 1942 ஜூலையில் ஒளிந்தபோது வயது பதின்மூன்று. 1944 ஆகஸ்டில் பிடிபடும்வரை எட்டுப் பேர் ஒரே மறைவிடத்தில். அம்மா உண்டு, அப்பா உண்டு, அக்கா உண்டு. சுற்றத்துக்குப் பஞ்சமில்லை. நெருக்கிக்கொண்டு சுற்றம்! ஆனால் மனம் தாங்காதபோது அந்தப் பெண் எங்கே போனாள்? பரணுக்கு ஏறிப் போனாள். அங்கிருந்த ஜன்னல் வழியாக ஒரு செஸ்ட்நட் மரத்தையும், அதற்கு மேலே வானத்தையும் பார்த்தாள். அதைத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தாள். அந்த மரம் அவள் உயிரைக் காப்பாற்றவில்லை. 1945-இல் முகாமில் அவள் இறந்துபோனாள். ஆனால் உயிர் இருந்தவரை அவள் மனத்தை உடையாமல் காத்ததில் அந்த மரத்துக்கும் பங்கு உண்டு. 2010 ஆகஸ்டில் காற்றில் மரம் விழுந்தது. அதன் விதையில் முளைத்த கன்றுகளைப் பல நாடுகளில் நட்டிருக்கிறார்கள். (கைதட்டல்)

ஒன்றைப் பொறுப்போடு சொல்ல வேண்டும், குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி இது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, ‘வாழ்ந்து என்ன’ என்கிற பேச்சு வருகிறது என்றால், அது வெறும் சோர்வு அல்ல, நோய். அவரை ஏரிக்கரைக்கு மட்டும் அழைத்துப் போய்விட்டு இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கமே கிடையாது. மரம் மருந்துக்குத் துணை நிற்கும். மருந்தே வேண்டாம் என்று மரம் சொல்லாது.

இன்னொரு சந்தேகம். இயற்கை என்றதும் நம் ஆட்கள் ஊட்டிக்கு டிக்கெட் போடுகிறார்கள். ஸ்வெட்டர் வாங்குவதில் ஒரு சண்டை, ஜன்னல் சீட்டுக்கு ஒரு சண்டை, ஓட்டல் ரூமுக்கு ஒரு சண்டை. மனச்சோர்வு தீரப் போனவர், கடனும் சளியுமாகத் திரும்பி வருகிறார்! (சிரிப்பு) நான் சொல்வது அதை அல்ல. ஆவடிக்காரர்களே, உங்கள் பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். சுற்றி நடக்கப் பாதை இருக்கிறது. கூழைக்கடா வந்து இறங்குகிறது. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு பெரிய அலகு, அது தண்ணீரில் இறங்குவதைப் பாருங்கள். நம் ஊரில் செய்த டாங்கிகூட அத்தனை கம்பீரமாக வராது! (சிரிப்பு, கைதட்டல்) அவ்வளவு தூரமும் போக முடியாதா? மொட்டைமாடிக்குப் போங்கள். அதுவும் முடியாதா? ஜன்னலைத் திறங்கள். முதல் மழையில் மண் வாசனை வரும்போது, சீரியலை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். அந்த மாமியார் எங்கேயும் ஓடிப்போக மாட்டாள், அங்கேயேதான் இருப்பாள்! (சிரிப்பு)

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிடுகிறேன் ஐயா, ஒரே நிமிடம்.

நான் சுற்றம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த டர்னர் மறுபடியும் பேசியது யாரோடு? மனைவியோடுதான். சுற்றத்தின் சொல் நல்ல சொல்லாகவே இருக்கட்டும். ஆனால் கதவு சாத்தியிருந்தால் நல்ல சொல்லும் வாசலோடு திரும்பிப் போகும். தாழ்ப்பாளைத் திறப்பது யார் என்பதுதான் இன்றைய வழக்கு. திறந்தது ஒரு தேன்சிட்டு. திறந்தது ஒரு முல்லைக்கொடி. கதவு திறந்த பிறகு எதிரணியினர் தாராளமாக உள்ளே வரலாம். காபி தருகிறோம்! (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக ஒரு வார்த்தை. மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடையை நாமே மூடினால் எப்படி? கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்காமல் இருக்க, அந்தப் பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் நம் தெருக்களில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று உங்களுக்குத் தெரியும். புயலைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் புயல் விட்டுவைத்த மரத்தையும் நாம் விடுகிறோமா? ‘எதிர்வீட்டு வேப்பமரம் எங்க வாசல்ல குப்பை கொட்டுது, வெட்டச் சொல்லுங்க’ என்று எத்தனை சண்டை!

அம்மா, நாளைக்கு வெட்டச் சொல்லிப் போய் நிற்கும் முன்னால், ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். அந்த மரத்துக்கு நேரே மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் இருக்கும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் படுக்கையோடு ஒரு தாத்தா இருக்கலாம். வேலை போன ஒரு தகப்பன் இருக்கலாம். பரீட்சையில் தோற்ற ஒரு பிள்ளை இருக்கலாம். உங்களுக்கு அது குப்பை கொட்டுகிற மரம். அவர்களுக்கு அது யார் கண்ணிலும் படாமல் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிற டாக்டர். அந்த ஜன்னலில் மரம் தெரிய வேண்டுமா, செங்கல் சுவர் தெரிய வேண்டுமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எனவே, சோர்ந்த மனத்துக்கு முதல் மருந்து சுற்றியுள்ள இயற்கையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)